மூணு மணி பத்து நிமிஷத் தூக்கம்

துரோகமா? யாருக்கு சார் துரோகம்? சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு பிசினஸ் கிளாஸ் திரையை இழுத்து மூடிட்டீங்க, நான் என்ன அங்கயே நின்னு திரையில இருக்கற பூ டிசைனை எண்ணிட்டு இருக்கணுமா? சோறு போட்ட இடம்னு ஆரம்பிச்சீங்களே, எந்த சோறு? உங்க பிளானிங் டிபார்ட்மெண்ட்ல ஆறு மாசம் ஓசில உழைச்சேன், கேண்டீன் கூப்பன் கேட்டதுக்கு ஸ்டூடண்ட்டுக்குக் கிடையாதுன்னுட்டாங்க, ஹாஸ்டல் தயிர் சாதத்தை டப்பாவுல கட்டிட்டு வந்து லிஃப்ட் பக்கத்துல உட்கார்ந்து தின்னவ நான். அதுவும் கேபின்ல வேலை பார்க்கற ஜெரி அண்ணன் எனக்கு யாருன்னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கேள்வியைத்தான் சார் என்னால விட முடியல. யாருமில்ல. யாருமில்லாத ஒருத்தருக்காகப் பேசினா உங்களுக்குப் புரியாது, உடனே என்ன உறவு, எத்தனை நாளாப் பழக்கம். இதெல்லாம் அங்கயே கேட்டிருக்கணும். நாக்கு நீளம்னு காலேஜ் பூரா பேர் வாங்கினவ, டிபார்ட்மெண்ட் தலைவர் தயாபரன் சார் முன்னாடி மட்டும் "சரி சார், பார்க்கறேன் சார்"னு வாய் தானா சொல்லிடுச்சு, கால் தானா திரும்பிடுச்சு. பிசினஸ் கிளாஸ்ல இருந்து என் சீட் அம்பத்திரெண்டு கே. நடந்து வர்றேன், வர்றேன், வந்துகிட்டே இருக்கேன், ரெண்டு பக்கமும் போர்வை போர்வையா ஆளுங்க, சில பேர் வாயைப் பிளந்துகிட்டு, சில பேர் ஸ்க்ரீன் வெளிச்சத்துல நீலமா. ஒருத்தர் கூட நிமிர்ந்து பார்க்கல. பார்த்திருந்தா அழுதிருப்பேன், நல்லவேளை. சீட்ல விழுந்தேன், பெல்ட் மாட்டினேன்.

பதினோரு மணி நேரம் ஆச்சுன்னு ஸ்க்ரீன் சொல்லுது. இன்னும் ஏழு மணி இருபது நிமிஷம். சென்னையில ஏறினா டாலஸ்ல இறங்கணும், நடுவுல தரையே கிடையாது, இன்னைக்குத்தான் இந்த ரூட்டுல முதல் டிக்கெட் பயணம். மேப்புல நம்ம விமானம் ஒரு வெள்ளைப் பொட்டு, சுத்தி ஒரு ஊர் பேரு இல்ல. வட துருவம் பக்கத்துல எங்கயோ. ஜூன் மாசம், வெளில சூரியன் மறையவே மறையாது, கண்ணாடியை எல்லாம் கருநீலமா மாத்தி உள்ள இருட்டு பண்ணி வச்சிருக்காங்க, ஏன்னா பயணிங்க தூங்கணும், தூங்கற பயணி தண்ணி கேக்க மாட்டாரு, பெல் அடிக்க மாட்டாரு. இதுவும் பிளானிங்தான். எத்தனாவது மணி நேரத்துல லைட்டை அணைக்கறதுன்னு நாங்க பதினஞ்சு நாள் உட்கார்ந்து மண்டையை உடைச்சோம். இமயமலைக்கு நேர் மேல ஏன் போறதில்லன்னு முதல் வாரம் நான் கேட்டப்ப சார் சிரிச்சாரு, உள்ள காத்து குறைஞ்சா பத்தாயிரம் அடிக்கு இறங்கணும், இருபத்தஞ்சாயிரம் அடியில மலை நின்னா எங்கம்மா இறங்குவேன்னு. அந்தப் பதில் எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துது. எது தப்பாப் போகும்னு முன்னாடியே நினைச்சு வழி போடற வேலை, ஆஹா, நமக்குன்னே செஞ்ச வேலைன்னு நோட்டுல எழுதி வச்சேன், ரெண்டு தடவை கோடு போட்டு. இப்ப அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம்னா நோட்டு பெட்டியில, பெட்டி மேல, எந்திரிச்சா பக்கத்து சீட்காரர் முழிச்சிப்பாரு. முழிச்சிட்டுத்தான் இருக்காரு. "என்னம்மா, பாத்ரூம்ல கூட்டமா?" சேலத்துக்காரர், ஏறினதுல இருந்து தட்டுவடை தின்னுட்டே வர்றாரு, பொண்ணுக்குப் பிரசவமாம் டாலஸ்ல. "இல்லைங்க, சும்மா நடந்துட்டு வந்தேன்." "நடங்க, நடங்க. கால் மரத்துப் போயிடுது. ஆனா பாருங்க, போன தடவை நடுவுல எறக்கிவிட்டான், ஆறு மணி நேரம். செருப்பைக் கழட்டு, பெல்ட்டைக் கழட்டுங்கறான், இடுப்புல பேண்ட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், என் சம்சாரம் சிரிக்கறா. இது சொகம். ஏறுனா எறங்குனா முடிஞ்சுது. இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்." நல்லா இருக்கட்டுங்க. ஒரு தட்டுவடை நீட்டினாரு, வாங்கிக்கிட்டேன், கடிச்சா சத்தம் ஊருக்கே கேக்கும்னு வாயிலயே ஊற வச்சேன். நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லணும் போல இருந்துது. நான் கண்டுபிடிச்சது வேற.

நான் கண்டுபிடிச்சது மூணு மணி பத்து நிமிஷம். இவ்வளவு நீள பயணத்துல வேலை செய்யறவங்க பாதிப் பேர் வேலை பார்க்கறப்ப மீதிப் பேர் மாடியில படுக்கணும், கூரைக்குள்ள ஏணி வச்சு ஏறினா ரயில் பர்த் மாதிரி வரிசையா இருக்கும், உட்கார்ந்தா தலை இடிக்கும். இறங்கி வந்ததும் ஒரு ஃபாரம் நிரப்பணும். எப்பப் படுத்தே, எப்ப எழுந்தே, எவ்வளவு நேரம் தூங்கினே. மூணே கட்டம். சோதனைப் பயணம் நடந்த நாலு மாசமும் அந்த ஃபாரத்தை வாங்கி எக்ஸெல்ல ஏத்தறதுதான் என் ஆராய்ச்சி, என் தீசிஸ், என் டிகிரி. இரநூத்திப் பன்னெண்டு ஃபாரம், அதுல அறுபத்தியொண்ணுல மூணாவது கட்டம் காலி. படுத்த நேரம் இருக்கு, எழுந்த நேரம் இருக்கு, தூங்கின நேரம் மட்டும் ஒண்ணும் எழுதல. என்ன பண்ணேன்? புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைப் பண்ணேன். விடுபட்ட இடத்துல மத்தவங்க சராசரியைப் போடு. மறந்துட்டாங்க, பாவம், அலுப்புல எழுதாம விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். ஒரு ஃபார்முலா எழுதினேன், காலியா இருந்தா தானா மூணு மணி பத்து நிமிஷம்னு நிரம்பிடும், என்ன அழகா நிரம்புச்சு தெரியுமா, அறுபத்தியொரு ஓட்டையும் ஒரே அழுத்துல. சார் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும், இன்பாவைப் பாருங்க, இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கோங்கன்னாரு. அன்னைக்கு ஹாஸ்டலுக்குப் பஸ்ல நின்னுகிட்டே பாட்டுப் பாடிட்டுப் போனேன். அந்த நம்பரை வச்சுத்தான், எல்லாரும் நல்லாத் தூங்கறாங்க, பதினாலு பேர் வேண்டாம், பன்னெண்டு பேர் போதும்னு முடிவாச்சு. எல்லாம் கனம். ஒரு கிலோ கூட ஏத்தினா அதைத் தூக்கிட்டுப் போகவே கிட்டத்தட்ட அரைக் கிலோ எண்ணெய் எரியும், இவ்வளவு தூரத்துல. ரெண்டு ஆளு, ரெண்டு ஆளோட பெட்டி, ரெண்டு ஆளோட சாப்பாடு, தண்ணி. என் சராசரி ரெண்டு பேரை ஏணி வச்சு கீழ இறக்கி விட்டுடுச்சு, எனக்கு ஒரு வலியும் இல்ல.

அப்புறம் அந்த வீடியோ. கடைசி சோதனைப் பயணம், முதல் தடவையா பன்னெண்டே பேர். இறங்கற நேரம், கதவு பக்கத்துல மடக்கு சீட்ல ஜெரி அண்ணன் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்காரு, தலை மெதுவா, மெதுவா முன்னாடி சாயுது, டப்புன்னு நிமிருது, மறுபடி சாயுது. எதிர் சீட்ல இருந்த எவனோ எடுத்து, மேல சிரிப்புப் பாட்டு போட்டு விட்டான். ஊரே சிரிச்சுது. எங்க ஹாஸ்டல்ல கூட ஒருத்தி எனக்கே அனுப்பினா, உங்க கம்பெனிடின்னு. நான் ஒரு சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பினேன். போட்டேன். அழிக்கலாம்னு பார்த்தா நேரம் கடந்துடுச்சு. இறங்கற நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா அந்தக் கதவைத் திறக்க வேண்டியவர் அவர், தப்புதான், யார் இல்லைன்னா? ஆனா சார்ஜ் மெமோவுல என்ன எழுதியிருக்காங்க? உமக்குப் போதுமான ஓய்வு தரப்பட்டது, நீர் மூணு மணி பத்து நிமிஷம் தூங்கியதாகப் பதிவு உள்ளது, ஆகவே இது அசதி இல்ல, அலட்சியம். பதிவு உள்ளது! எந்தப் பதிவு? என் ஃபார்முலா, எப்பவோ எழுதி வச்சுட்டு நான் மறந்தே போன ஃபார்முலா, அவர் ஃபாரத்தை எவனோ ஏத்தினதும் தன்பாட்டுக்கு நிரப்பி வச்சிருக்கு, அது பாட்டுக்கு ராத்திரி பகல் பார்க்காம வேலை செய்யுது, அதுக்கு மட்டும் தூக்கம் வேண்டாம். அவர் போன் பண்ணாரு. திட்டல. திட்டியிருந்தா பதிலுக்குப் பதில் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது வரும். "ஏ பிள்ள, நா எழுதவே இல்லையே, அது எப்டி வந்துச்சு?"ன்னு தூத்துக்குடி இழுப்புல கேட்டாரு. "நீங்க காலியா விட்டீங்க அண்ணா, மறந்துட்டீங்கன்னு…" "மறக்கவா? பதினாறு வருசமா நெரப்புதேன், மறப்பனா? தூங்கலன்னா வெறுங்கட்டம்லா. யாரும் சைபர் போட மாட்டாவ. சைபர் போட்டா டூட்டி போடுத ரோஸ்டர் ஆபீஸ்ல இருந்து போன் வரும், ஒடம்புக்கு என்ன, டாக்டரைப் பாருங்கும், மூணு வாரம் பறக்க விடமாட்டான். பொய்யா ஒரு நம்பர் எழுதவும் மனசு வராது. அதான் சும்மா விட்டுருவோம். எல்லாருக்கும் தெரியும்லா. ஒனக்கு யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லல. நானும் கேக்கல. அறுபத்தியொரு தடவை கண்ணு மூடவே இல்லைன்னு அந்தக் கட்டத்துல எழுதாமலே எழுதியிருக்காங்க, நான் ஒவ்வொருத்தர் வாயிலயும் மூணு மணி பத்து நிமிஷத்தைத் திணிச்சு மூடியிருக்கேன்.

கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு ஆளைக் கேட்டிருக்கலாம். அதுதான் திரும்பத் திரும்ப வந்து முட்டுது. வேற யாராவது இந்தத் தப்பைப் பண்ணா சரி, வசதியான வீட்டுப் பிள்ளை, தெரியாதுன்னு விடலாம். நான் நெய்வேலிக்காரி. அப்பா சுரங்கத்துல ஷிப்ட். ராத்திரி வேலை முடிச்சு வந்து காலையில படுப்பாரு, ஜன்னலுக்கு அம்மா பேப்பர் ஒட்டியிருப்பா, நாங்க மூச்சு விடக் கூடாது, குக்கர் விசில் வந்தா அம்மா ஓடிப் போய் கரண்டியால அமுக்குவா. நாலு மணிக்கு எழுந்து வருவாரு, கண்ணு மிளகாப் பழம். "தூங்கினீங்களா?"ன்னு அம்மா தினம் கேப்பா. அதுக்கு அப்பா சொன்ன பதில் என்ன? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், ஒண்ணுமே ஞாபகம் வரல. ஏன்னா பதில் சொன்னதே இல்ல. "காப்பி குடு"ம்பாரு. அவ்வளவுதான். இருபது வருஷம் அந்தக் கேள்விக்குக் காப்பி குடுங்கறதுதான் பதில், அந்த வீட்டுல வளர்ந்த நான் அறுபத்தியொரு காலிக் கட்டத்தைப் பார்த்து, பாவம் மறந்துட்டாங்கன்னு நினைச்சிருக்கேன். செருப்பால அடிக்கணும். அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போடலாமா? என்னன்னு? துருவம் பக்கம் நெட் கிடையாது, சாட்டிலைட் எட்டாதாம், ஜெரி அண்ணனுக்கு நான் அனுப்பினதுகூட ஒத்தை டிக்கோட நிக்குது, 'சார்கிட்ட பேசிட்டேன், கவலைப்படாதீங்க'. எவ்வளவு பெரிய பொய். போகாம நிக்கறதே நல்லது. நாங்க டாலஸ்ல இறங்கறப்ப சென்னையில விடிகாலை மூணரை இருக்கும், பத்து மணிக்கு அவரை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க, கடைசி விசாரணை, அன்னைக்கே முடிவு. அவருக்குன்னு பேச ஆள் கிடையாது. தயாபரன் சார் ஒரு வரி எழுதினா போதும், இந்தப் பதிவு அந்த ஆள் எழுதினதில்ல, எங்க கணக்கு நிரப்பினதுன்னு. அதைத்தான் திரைக்குப் பக்கத்துல நின்னு கெஞ்சினேன். நானா எழுதறேன்னும் சொன்னேன். எழுதினா அது ஒரு ஸ்டூடண்ட் புலம்பல், யார் மதிப்பான்னாரு, டேட்டா வெளில போனா என் தீசிஸ்ல கையெழுத்து கிடையாதுன்னாரு, அப்புறம் அந்தத் துரோகம். கையெழுத்து போகட்டும் சார். போகட்டும்னு இப்ப சொல்றேன், சீட்ல உட்கார்ந்து, மனசுக்குள்ள. சத்தமா சொல்ல முடியல. அம்மா சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொல்லி வச்சிருக்கா, எங்க பொண்ணு ஏரோப்பிளேன் கம்பெனியிலன்னு. யார்கிட்டயாவது பேசினா தேவலாம். இரநூத்திச் சொச்சம் பேர் இந்தக் குழாய்க்குள்ள இருக்கோம், கை நீட்டினா யாரையாவது தொட்டுடலாம். பேசறதுக்கு ஒரு ஆள் கிடையாது.

"மேடம், தண்ணி?" தட்டோட ஒரு பொண்ணு. நெஞ்சுல பேரு குத்தியிருக்கா, நான் அதைப் படிக்க மாட்டேன், படிச்சா எப்பவாவது வாய் தவறிச் சொல்லிடுவேன். என் வயசுதான் இருக்கும். உதட்டுச் சாயம் புதுசா, கண்ணுக்கு மட்டும் ஒண்ணும் பண்ண முடியல. மாடியில இருந்து அரை மணிக்கு முன்னாடிதான் இறங்கி வந்தா, பார்த்தேன், ஏணியில கடைசிப் படியை விட்டுட்டு சுவரைப் பிடிச்சா. "தூங்கினீங்களா?"ன்னு கேட்டேன். கேட்டுட்டேன், கடைசியில. "ஓ, நல்லா தூங்கினேன் மேடம்!" சிரிப்பு, பல்லு, எல்லாம் கத்துக் குடுத்தபடி. அப்புறம் குனிஞ்சு, "ஃபாரம் நீங்கதானே வாங்கறீங்க? இந்தாங்க"ன்னு நாலா மடிச்சு என் கையில வச்சிட்டுப் போயிட்டா. விரிக்க வேண்டாம். விரிக்காம வச்சிக்கலாம். விரிச்சேன். படுத்தது, எழுந்தது. மூணாவது கட்டம் காலி. சும்மா காலி இல்ல, பேனாவை வச்சு எடுத்த ஒரு புள்ளி இருக்கு, எழுத வந்து நிறுத்தின புள்ளி. இறங்கறப்ப வலது பக்கக் கதவு அவ பொறுப்பு. இன்னும் ஆறு மணி நேரத்துல அந்த மடக்கு சீட்ல பெல்ட் போட்டு உட்காரப் போறா, எவனாவது போனைத் தூக்கப் போறான்.

லைட் வந்துடுச்சு. திடீர்னு, ஆரஞ்சுக் கலர்ல, கல்யாண மண்டபம் மாதிரி. எல்லாரும் கண்ணைக் கசக்கறாங்க, எங்கயோ ஒரு குழந்தை கத்துது. கேக் வெட்டறாங்களாம், முதல் பயணத்துக்கு. தயாபரன் சார் நம்ம பக்கமே வந்துட்டாரு, நடுவுல சமையல் தடுப்புகிட்ட நிக்கறாரு, கையில மைக், பக்கத்துல விளம்பரத்துக்காரப் பொண்ணு போனைத் தூக்கிப் படம் எடுக்கறா, இறங்கினதும் கம்பெனி பக்கத்துல போடுவாங்க, போட்டாச்சுன்னா சென்னையில பத்து மணிக்கு முன்னாடி எல்லாரும் பார்த்துடுவாங்க. பார்த்துடுவாங்க. அவர் பேசறாரு, குரல் தேன் மாதிரி இருக்கு, கொஞ்ச நேரம் முன்னாடி என்கிட்டப் பேசின அதே வாய். என்னவோ சொல்றாரு, இந்த ரூட்டோட ஒவ்வொரு நிமிஷமும் கணக்குப் போட்டதாம். ஜனங்க கை தட்டறாங்க, சேலத்துக்காரர் விசில் அடிக்கறாரு. இன்னும் சொல்றாரு, நானும் உங்கள்ல ஒருத்தன், இதே நடைபாதையில தட்டு தூக்கினவன், பன்னெண்டு வருஷம் கேபின்ல பறந்துட்டுத்தான் ஆபீசுக்கு வந்தேன், அதனால எங்க ஆளுங்க கஷ்டம் எனக்குத் தெரியும்னு. இரு. இது எனக்கும் தெரியும், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், அவர் ரூம்ல அந்த யூனிஃபார்ம் போட்ட போட்டோவே மாட்டியிருக்கு. ஆனா நான் இதை யோசிக்கவே இல்லையே. பன்னெண்டு வருஷம் பறந்தவர். பன்னெண்டு வருஷம் அந்த ஃபாரத்தை நிரப்பினவர். அப்ப என் எக்ஸெல்லைப் பார்த்தப்ப, அறுபத்தியொரு காலிக் கட்டம் ஒரே அழுத்துல நிரம்பினப்ப, எல்லார் முன்னாடியும் என்னைக் கை தட்டிப் பாராட்டினப்ப, எனக்குத்தான் தெரியாது. அவருக்கு? நான் மறந்துட்டாங்கன்னு நினைச்சேன், அவர் என்ன நினைச்சாரு? திரைக்குப் பக்கத்துல கூட ஒரு தடவையாவது, அந்தக் கட்டத்துக்கு அப்படி அர்த்தமான்னு ஆச்சரியப்பட்டாரா? படல. அவர் ஆச்சரியமே படல. எவ்வளவு முட்டாள் நான், அவர் கோபப்பட்டதை மட்டும் பார்த்தேன். ஏதாவது கேள்வி இருந்தா கேளுங்கன்னு மைக்கை நீட்டறாரு. யாரோ அடுத்து திருச்சியில இருந்து விடுவீங்களான்னு கேக்கறாங்க, சிரிப்பு. பெல்ட் கழண்டுடுச்சு, நான்தான் கழட்டியிருக்கேன். பயணிங்க பயந்துடுவாங்களே. பயப்படட்டும், கொஞ்சம் பயந்தாத்தான் என்ன. இல்ல, அந்தப் பொண்ணு பேரை மட்டும் சொல்லிடக் கூடாது, ஃபாரம் எங்க, சட்டைக்குள்ள, சரி. சேலத்துக்காரர் காலை மடக்கி வழி விடறாரு, "கேளுங்கம்மா, கேளுங்க, சேலத்துல இருந்து எப்பன்னு கேளுங்க." நின்னுட்டேன். சார் என்னைப் பார்த்துட்டாரு, மைக்கை வேற பக்கம் திருப்பறாரு. மைக் வேண்டாம். எனக்குத் தொண்டை இருக்கு.

"சார், எனக்கு ஒரு கேள்வி. என் பேரு இன்பவல்லி, உங்க டிபார்ட்மெண்ட்ல ஸ்டூடண்ட். இந்த விமானத்துல எத்தனை பேர் வேலை செய்யணும்னு முடிவு பண்ண தூக்கக் கணக்கைப் போட்டது நான். அது தப்பு. தூங்காதவங்க காலியா விட்ட கட்டத்துல எல்லாம் நான் சராசரியை நிரப்பிட்டேன். அந்த நம்பரைக் காட்டி ஜெரால்டு மச்சாதுன்னு ஒருத்தர் வேலையை சென்னையில நாளைக்குக் காலையில எடுக்கப் போறாங்க. என் தப்பை நான் சொல்லிட்டேன், கேமராவைத் திருப்பாதீங்க அக்கா, ப்ளீஸ், அப்படியே பிடிங்க. சார், நீங்க பன்னெண்டு வருஷம் பறந்தவர், இப்பதான் சொன்னீங்க. உங்களுக்குத் தூக்கமே வராத நாள்ல அந்த மூணாவது கட்டத்துல நீங்க என்ன எழுதினீங்க? தனியா கூப்பிட்டுச் சொல்லாதீங்க சார், திரைக்குப் பின்னாடி வேண்டாம். இங்கயே, இவங்க எல்லாரும் கேக்கற மாதிரி, இப்ப சொல்லுங்க."